அறுபதைக் கடந்த கோல்ஃப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அறுபது வயதைத் தாண்டிய ஆட்டக்காரர்களிடமிருந்து வந்தவை. கேள்விகள் பலவாக இருந்தாலும் அவற்றின் அடியில் இருக்கும் வருத்தம் ஒன்றுதான்: முன்பு போன இடத்துக்குப் பந்து இப்போது போவதில்லை. எனவே தொலைவு பற்றிய கேள்வியையே முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 66. பத்தாண்டுகளுக்கு முன் டிரைவரில் (தொலைவாக அடிக்கும் நீண்ட மட்டை) 230 கெஜம் அடித்தவன், இப்போது 190 கெஜத்தைத் தாண்டுவதில்லை. வேகத்தைக் கூட்டி அடித்தால் பந்து வலப்புறம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. இழந்த தொலைவைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா?

பதில்: முழுவதையும் பெற முடியாது, ஒரு பகுதியைப் பெற முடியும். வயது ஏற ஏறத் தசைகளில் முதலில் மெலிபவை விரைவாகச் சுருங்கி விரியும் இழைகள்தான். மெதுவாகப் பத்துக் கிலோமீட்டர் நடக்கும் திறன் அப்படியே இருக்கும்போது, மட்டையை ஒரு நொடியில் வீசும் வேகம் மட்டும் குறைந்துபோவது இதனால்தான். இடுப்பும் மேல்முதுகும் முன்போலத் திரும்பாததும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மட்டைத் தலையின் வேகம் மணிக்கு ஒரு மைல் குறைந்தால் டிரைவர் அடியில் ஏறத்தாழ இரண்டரை கெஜம் குறையும் என்பது ஆட்டக்காரர்களிடையே புழங்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் நீங்கள் சொல்லும் 40 கெஜத்துக்கு மணிக்கு 16 மைல் குறைந்திருக்க வேண்டும். ஆனால் என் அனுபவத்தில், இந்த வயதில் தொலைவை இழந்தவர்களின் குறைவில் ஒரு பங்குதான் உடம்பின் கணக்கில் வரும். மீதி, பந்து மட்டையின் மையத்தில் படாததாலும் போதிய உயரம் ஏறாததாலும் போவது.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். டிரைவரின் முகப்பில் முகப்பவுடரையோ சுண்ணக்கட்டித் தூளையோ மெல்லியதாகத் தடவிவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் பிறகு தடத்தைப் பார்த்துத் துடைத்துப் பத்துப் பந்துகள் அடியுங்கள். உங்களைப் போல வேகத்தைக் கூட்ட முயல்பவர்களுக்குத் தடம் பெரும்பாலும் மையத்தைவிட்டு, மட்டைக்கம்பு பொருந்தும் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்திருக்கும். பலத்தைக் காட்ட நினைத்தவுடன் மேலிருந்து இறங்கும்போது இடுப்புக்கு முன்பே தோளும் கைகளும் பாய்ந்துவிடுகின்றன. மட்டை வெளியிலிருந்து உள்நோக்கிக் குறுக்கே வெட்டுகிறது. பந்து வலப்புறம் வளைகிறது. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி வேறெதற்குப் பொருந்துகிறதோ இல்லையோ, டிரைவர் அடிக்குப் பொருந்தும். மட்டையைப் பின்னால் எடுத்துச் செல்வதை மெதுவாக்கி, முதுகு இலக்கை நோக்கித் திரும்பும் வரை காத்திருந்து இறங்கினால், குறைந்த வேகத்திலேயே பந்து மையத்தில் படும். மையத்தில் பட்ட பந்து முன்பைவிடத் தூரமாகப் போகும்.

அடுத்தது உயரம். வேகம் இருந்த காலத்தில் முகப்பு 9 பாகை மேல்நோக்கிச் சாய்ந்த டிரைவர் உங்களுக்குப் பொருத்தமாக இருந்திருக்கலாம். வேகம் குறைந்தபின் அதே மட்டையில் அடித்த பந்து ஏறும் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். சாய்வு குறைந்தால் பந்து நேராகப் பாய்ந்து தூரம் போகும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். மெதுவாக வீசுபவருக்கு அது நேர்மாறானது. 11 அல்லது 12 பாகைக்கு மாறிப் பாருங்கள். பந்தைத் தாங்கும் சிறு முளையான டீயில் அதைச் சற்று உயரமாக வைத்து, முன்காலின் குதிகாலுக்கு நேராக நிறுத்தி அடியுங்கள். மட்டைக்கம்பும் கனமான எஃகாக இருந்தால், எடை குறைந்த, சற்று அதிகம் வளையும் கிராஃபைட் கம்புக்கு மாறலாம். விதிகள் பையில் 14 மட்டைகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்தப் பதினான்கில் நீங்கள் எப்போதோ ஒருமுறை ஒழுங்காக அடித்த 3, 4, 5 எண் அயர்ன்கள் (மெல்லிய உலோகத் தலையுள்ள மட்டைகள்) ஏன் இடத்தை அடைக்க வேண்டும்? அவற்றை எடுத்துவிட்டு பருத்த தலையுள்ள 7 எண் வுட்டையோ, அயர்னுக்கும் வுட்டுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் மட்டைகளையோ வைத்துக்கொண்டால், அதே தொலைவுக்குப் பந்து எளிதாக மேலெழும்பும். குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனில் விழுந்து நிற்கவும் செய்யும்.

உடம்பின் கணக்கை ஈடுசெய்யப் பயிற்சி மட்டுமே வழி. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, ரப்பர் பட்டையைக் கதவுப்பிடியில் மாட்டி இடுப்பைத் திருப்பி இழுப்பது, பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது ஆகிய மூன்றையும் மூன்று மாதங்கள் விடாமல் செய்துவிட்டு மறுபடி எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: என் வயது 70. குழிக்கு அருகிலுள்ள தொடக்க இடமான முன் டீயிலிருந்து ஆடும்படி என் மகன் வற்புறுத்துகிறான். நாற்பது ஆண்டுகளாகப் பின் டீயிலிருந்து ஆடியவன் முன்னே போய் நின்றால் நண்பர்கள் கேலி செய்யமாட்டார்களா? அது ஒருவகையில் ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. 390 கெஜ நீளமுள்ள, நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். 250 கெஜம் அடிக்கும் இளைஞருக்கு இரண்டாம் அடிக்கு 140 கெஜம் மீதம் இருக்கிறது. அவர் 8 எண் அயர்னை எடுத்துக் கிரீனை நோக்கி நிம்மதியாக அடிக்கிறார். நீங்கள் 190 கெஜம் அடிப்பவராயின் உங்களுக்கு மீதம் 200 கெஜம். அது உங்கள் டிரைவர் தொலைவையும் தாண்டியது. அந்தக் குழியை நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் இரண்டில் கிரீனை எட்ட முடியாது. அட்டையில் நான்கு என்று அச்சிட்டிருந்தாலும் உங்களுக்கு அது ஐந்தடிக் குழிதான். மைதானத்தை வடிவமைத்தவர் இரண்டாம் அடிக்காக வைத்த பங்கர் என்னும் மணற்குழியும் பள்ளமும் உங்கள் ஆட்டத்தில் ஒரு பொருட்டாகவே வருவதில்லை. அதே குழியை 330 கெஜத்திலிருந்து ஆடினால், 190 போக 140 மிஞ்சும். ஒரு ஹைப்ரிட்டை எடுத்துக்கொண்டு, கொடி இடப்புறமா வலப்புறமா, முன்னே தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் நீங்களும் யோசிக்கத் தொடங்குவீர்கள்.

எந்த டீ நமக்குரியது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 5 எண் அயர்னில், அல்லது அதற்கு ஈடான ஹைப்ரிட்டில், உங்களது சராசரித் தொலைவு எவ்வளவோ அதை 36ஆல் பெருக்குங்கள். 140 கெஜம் என்றால் 5,040 கெஜம். பதினெட்டுக் குழிகளின் மொத்த நீளம் அந்த அளவில் இருக்கும் டீதான் உங்களுக்கு. அமெரிக்க கோல்ஃப் சங்கமும் அந்நாட்டுத் தொழில்முறைப் பயிற்றுநர் சங்கமும் சேர்ந்து 2011ஆம் ஆண்டு தொடங்கிய இயக்கம் ஒன்று இதையே டிரைவர் தொலைவை வைத்துச் சொல்கிறது: 200 கெஜம் அடிப்பவருக்கு 5,200 முதல் 5,400 கெஜம், 175 கெஜம் அடிப்பவருக்கு 4,400 முதல் 4,600 கெஜம். சராசரி என்பது நன்றாகப் பட்ட அடியின் தொலைவன்று. பத்து அடிகளின் சராசரி. (இந்த இடத்தில்தான் நாம் எல்லோருமே கொஞ்சம் பொய் சொல்கிறோம்.) விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்; மைதானத்தின் நீளத்துக்கும் அது பொருந்தும்.

ஏமாற்று என்ற சந்தேகத்துக்கு, திறனுக்கேற்பச் சலுகை அடிகள் தரும் ஹேண்டிகேப் முறையிலேயே விடை இருக்கிறது. 2020 முதல் நடைமுறையில் உள்ள உலக ஹேண்டிகேப் முறையில் மைதானம் ஒவ்வொரு டீயிலிருந்தும் தனித்தனியாக மதிப்பிடப்படுகிறது. முன் டீயிலிருந்து ஆடினால் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடிகளும் அதற்கேற்பக் குறைந்துவிடும். எனவே ஒரே குழுவில் நால்வர் நான்கு டீயிலிருந்து ஆடினாலும் போட்டி நேர்மையானதாகவே இருக்கும். கேலி செய்யும் நண்பர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, அன்றைய பந்தயத்தையும் வென்றுவிடுங்கள். இன்னொன்று: முன் டீயைப் ‘பெண்கள் டீ’ என்று அழைக்கும் பழக்கத்தை நாம் விட்டால் பாதிக் கூச்சம் தானாகவே போய்விடும். டீ என்பது அடிக்கும் தொலைவைப் பொறுத்தது.

அமெரிக்க வீரர் சாம் ஸ்னீட் 1979ஆம் ஆண்டு, தமது 67ஆவது வயதில், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டி ஒன்றில் ஒரு நாள் 67 அடிகளிலும் மற்றொரு நாள் 66 அடிகளிலும் பதினெட்டுக் குழிகளை முடித்தார். வயதுக்கு இணையாகவோ குறைவாகவோ அடிப்பது முதியவர்களின் பெருங்கனவு. நம் போன்றோருக்கு 70 வயதில் 70 என்பது எட்டாக்கனி. ஆனால் பொருத்தமான டீயிலிருந்து ஆடினால் 82 வயதில் 82 அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: தூரம், கிட்டம் இரண்டுக்கும் சேர்த்து புரோகிரஸிவ் கண்ணாடி அணிகிறேன். அதை அணியத் தொடங்கியதிலிருந்து பந்தின் தலையில் அடிக்கிறேன். கண்ணாடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. இது அடிக்கடி தவறவிடப்படும் காரணம். அத்தகைய கண்ணாடியின் கீழ்ப்பகுதி, கையில் பிடித்த செய்தித்தாளைப் படிப்பதற்காக அமைந்தது. உங்கள் பந்தோ கண்ணிலிருந்து ஐந்தடி தள்ளித் தரையில் கிடக்கிறது. கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கும்போது பந்து மங்கலாகவும் இடம் மாறியும் தெரியும். அதைத் தெளிவாகப் பார்க்க உங்களையறியாமல் தாடையை நெஞ்சோடு அழுத்துகிறீர்கள். தாடை இறங்கியவுடன் தோள் திரும்ப இடமில்லாமல் போய், உடம்பு மேலெழும்புகிறது, மட்டை பந்தின் தலையில் படுகிறது. ஆட்டத்துக்கென்று தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். மதிப்பெண் அட்டையைப் படிக்கச் சற்றே சிரமமாக இருக்கும். அதை உடன் ஆடுபவர் பார்த்துக்கொள்வார்.

வெயிலில் கண் கூசி, வானில் பந்து மறைந்துபோவதாகவும் தோன்றினால் கண்புரை இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காணாமற்போன பந்தைத் தேட முன்பெல்லாம் ஐந்து நிமிடம் இருந்தது; 2019 விதிமாற்றத்துக்குப் பிறகு மூன்றே நிமிடம். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பந்தை வைத்து ஆடுவதில் எந்த விதிமீறலும் இல்லை.

கேள்வி: என் பயிற்றுநர் இடக் குதிகாலைத் தரையைவிட்டு எடுக்காதே, இடுப்பைத் திருப்பாதே, தோளை மட்டும் திருப்பு என்கிறார். வயது 63. ஒன்பது குழிகள் முடிவதற்குள் இடுப்புக்கு மேலே முதுகு பிடித்துக்கொள்கிறது. ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டியதுதானா?

பதில்: ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், அந்த அறிவுரையைப் பின்பற்றுவதை நிறுத்துங்கள். இடுப்பை அசையாமல் வைத்துத் தோளை முறுக்கும் முறை, உடம்பு வில்லாக வளையும் இருபது வயதினருக்குப் பலனளிக்கலாம். இடுப்பெலும்புக்கு மேலுள்ள கீழ்முதுகு முன்னும் பின்னும் வளைவதற்கென அமைந்தது. பக்கவாட்டில் அது திரும்பும் அளவு மிகக் குறைவு. திரும்ப வேண்டியவை இடுப்பு மூட்டும் மேல்முதுகும். அவற்றை நீங்களே பூட்டிவிட்டால் முறுக்கு முழுவதும் கீழ்முதுகின் மேல் விழும்.

செய்ய வேண்டியவை எளியவை. நிற்கும்போது இரு பாதங்களின் நுனிகளையும் நன்றாக வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். பின்காலை இலக்குக் கோட்டிலிருந்து இரண்டங்குலம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மட்டையைப் பின்னால் எடுக்கும்போது இடுப்பு திரும்பட்டும், முன்முழங்கால் உள்ளே மடியட்டும், குதிகால் எழுவதாக இருந்தால் எழட்டும். அமெரிக்க வீரர் ஜாக் நிக்லாஸ் தம் உச்ச காலத்தில் நீண்ட அடிகளில் இடக் குதிகாலை உயர்த்தித்தான் ஆடினார். அது குறையென்றால் மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் பதினெட்டுப் பட்டங்கள் வந்திருக்காது. அடித்து முடித்தபின் உடம்பைப் பின்னால் வில்லாக வளைக்காமல், மார்பு இலக்கைப் பார்க்க நிமிர்ந்து நில்லுங்கள். ‘தலையை அசைக்காதே’ என்பதைச் சட்டமாக எண்ணாமல், பந்து போன பிறகு தலையையும் உடம்போடு திரும்ப விடுங்கள்.

காரிலிருந்து இறங்கி நேராக முதல் டீக்குப் போவது முதுகுக்குச் செய்யும் துரோகம். பத்து நிமிடம் முன்னதாக வந்து, நடந்து, இடுப்பைச் சுழற்றி, குறுந்தொலைவு மட்டையான வெட்ஜிலிருந்து தொடங்கி ஏழெட்டு அரை வீச்சுகள் வீசிவிட்டுப் போங்கள். கீழே கிடக்கும் பந்தை எடுக்க முதுகை வளைக்காமல் மட்டையை ஊன்றி ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குனியுங்கள். ஒரு சுற்றில் ஐம்பது தடவையாவது குனிகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, அது இந்தப் பகுதியில் தீர்க்கும் விஷயமன்று, மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அமெரிக்க வீரர் டாம் வாட்சன் 2008இல் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த ஆண்டு ஜூலையில், 59 வயதில், ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் நடந்த ஓபன் போட்டியில் கடைசிக் குழிக்கு ஓர் அடி முன்னிலையோடு வந்தார். அங்கே 8 எண் அயர்னில் அவர் அடித்த நல்ல அடி கிரீனில் விழுந்து நிற்காமல் பின்புறமாக உருண்டோடி, கூடுதல் ஓர் அடியாகி, பிறகு நடந்த நான்கு குழித் தீர்வாட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்கிடம் தோற்றார். அவர் தொழில்முறை வீரர், நாம் அப்படியல்ல என்பது உண்மைதான். ஆனால் மாற்றப்பட்ட மூட்டோடும் உடம்பு திரும்பும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கேள்வி: நான் 71 வயதுப் பெண். மூன்றடித் தொலைவிலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ளும்போது கை வெட்டி இழுக்கிறது. மற்ற அடிகளில் இது இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போதும் எழுதும்போதும் கை நடுங்கினால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பட்டிங்கில், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் தள்ளும்போது மட்டுமே என்றால் அதற்கு ‘யிப்ஸ்’ என்று பெயர். உங்களுக்கு மட்டும் வந்ததன்று. ஜெர்மனியின் தொழில்முறை வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு இளம் வயதிலேயே இது வந்தது. அவர் பிடியை மாற்றி மாற்றிப் பார்த்து அதைக் கடந்து, மாஸ்டர்ஸ் பட்டத்தை இருமுறை வென்று, 2023இல் 65 வயதில் அமெரிக்க சீனியர் ஓபனையும் வென்றார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிடியை மாற்றத் தயங்காத துணிவைத்தான்.

இழுப்பு பழகிப்போன அசைவில்தான் ஒளிந்திருக்கிறது. அசைவு புதிதானால் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. வலக்கைக்காரரானால் இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்துப் பாருங்கள். அல்லது வலக்கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கம்பை, பேனாவைப் பிடிப்பதுபோல் லேசாகத் தாங்கிப் பாருங்கள். தள்ளும் மட்டையான பட்டரின் கைப்பிடியைத் தடிமனானதாக மாற்றினால் விரல்களின் வேலை குறைந்து தோள்களின் வேலை கூடும்; மூட்டுவலி இருப்பவர்களுக்கும் அதுவே சுகம். நீண்ட பட்டரையும் பயன்படுத்தலாம். ஆனால் 2016 முதல் அதன் முனையை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றி அடிக்கக் கூடாது. பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்தபடியே தள்ளுவதும் சிலருக்கு உடனே பலன் தருகிறது.

மூன்றடித் தொலைவுத் தள்ளல்கள் ஏன் இத்தனை வருகின்றன என்றும் யோசியுங்கள். முதல் பட் முப்பதடியிலிருந்து மூன்றடிக்கு வந்து நிற்கிறது. அது ஓரடிக்கு வந்து நின்றால் இந்தச் சோதனையே இல்லை. எனவே பயிற்சி நேரத்தில் பாதியை நீண்ட பட்களின் வேகத்துக்குக் கொடுங்கள். எட்டடியிலிருந்து உலகின் முன்னணி ஆண் தொழில்முறை வீரர்களே ஏறக்குறைய இரண்டில் ஒன்றைத்தான் போடுகிறார்கள் என்பது தெரிந்தால், தவறவிட்டதற்காக வரும் கோபமும் தணியும்.

கேள்வி: ஒரே ஒரு குழியில் பத்து அடித்துவிட்டால் அன்றைய ஆட்டமே கசந்துவிடுகிறது. வயது 68.

பதில்: ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் ஆடுங்கள். இங்கிலாந்தின் வாலசி மன்றத்தைச் சேர்ந்த மருத்துவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் ஏற்படுத்திய இந்த முறையில் 1932இல் முதல் போட்டி நடந்தது. சலுகை அடிகளைக் கழித்தபின் பார் (குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கை) எடுத்தால் 2 புள்ளி, ஓரடி கூடினால் 1, ஓரடி குறைந்தால் 3. பாரைவிட இரண்டடியோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம், அவ்வளவுதான். பூஜ்யம் உறுதியானவுடன் பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். பின்னால் வரும் குழுவும் உங்களை வாழ்த்தும்.

கேள்வி: முதியவர்களுக்கென்று விற்கும் மென்மையான பந்துகள் தூரம் போகுமா?

பதில்: கைக்கு இதமாக இருக்கும். தொலைவில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். எந்தப் பந்தானாலும் ஒரே வகையைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள். கிரீனில் அது எப்படி உருளும் என்பது கைக்குப் பழகும்.

கேள்வி: இதுவரை கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. வயது 64, சென்ற மாதம் பணி ஓய்வு பெற்றேன். இப்போது தொடங்குவது காலம் கடந்த ஆசையா?

பதில்: இல்லை. ஹேண்டிகேப் இப்போது 54 வரை வழங்கப்படுவதால், ஒரு குழிக்கு மூன்று அடிகள் வீதம் சலுகையோடு, தேர்ந்தவர்களுடனும் முதலாண்டிலேயே நீங்கள் போட்டியிடலாம். இளம் வயதில் தொடங்கியவர்கள் மேற்சொன்ன பழைய பழக்கங்களை எல்லாம் விடப் போராட வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒன்று மட்டும் சொல்வேன்: குழியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் டிரைவரை எடுத்துக்கொண்டு பயிற்சித் திடலுக்குப் போய் முதல் நாளே முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு சுற்றில் பாதிக்குக் குறையாத அடிகள் கிரீனுக்கு ஐம்பது கெஜத்துக்குள்தான் நடக்கின்றன. அங்கே வயது ஒரு தடையே இல்லை. முதலில் இரண்டடி, பிறகு பத்தடி, பிறகு முப்பதடி என்று பட் அடியுங்கள். அது கைவந்தபின் கிரீனின் ஓரத்துக்கு வெளியே வந்து, 8 எண் அயர்னை எடுத்து, பட் அடிக்கும் அதே அசைவில் பந்தைச் சற்றே தூக்கி முன்பகுதியில் விழவைத்து, மீதித் தூரத்தை உருள விடுங்கள். பந்தை உயரத் தூக்கிப் போட ஆசை வரும்; தரையில் உருளும் பந்தின் தவறு சிறியது, வானில் போகும் பந்தின் தவறு பெரியது. பிறகு வெட்ஜ், பிறகு 7 எண் அயர்ன், பிறகு ஹைப்ரிட். முதல் இரண்டு மாதங்களுக்கு டிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.